பட்டு நூலும் பகிஷ்காரமும்

1937 ஜூலையில் ஜப்பான் சீனாவோடு முழுப் போரில் இறங்கியது. அக்டோபரில் கல்கத்தாவில் கூடிய அகில இந்திய காங்கிரஸ் கமிட்டி, சீன மக்கள் மேலுள்ள பரிவின் அடையாளமாக ஜப்பான் சரக்கை வாங்காதீர்கள் என்று நாட்டு மக்களைக் கேட்டுக்கொண்டது. 1938 பிப்ரவரியில் சுபாஷ் சந்திர போஸ் தலைமையில் கூடிய ஹரிபுரா மாநாடும் அதையே சொன்னது. பத்திரிகையில் அது ஒரு சின்னச் செய்தி. திருபுவனத்தில் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்தபோது பெரிய சங்கடமாகிவிட்டது. தாத்தாவின் தறியில் அன்றைக்கு ஏறியிருந்த பாவு ஜப்பான் நூல்.

நான் அந்த வீட்டில் பிறந்தவன்தான். ஆனால் தறிக்குழியில் உட்காரவில்லை. கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கெழுதப் போய், ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்துவிட்டேன். போரோ அரசியலோ, எதுவானாலும் என் கண் முதலில் போவது கொள்முதல் பக்கத்துக்குத்தான். சரக்கு எந்த ஊரிலிருந்து வந்தது, பணம் யாருக்குப் போயிற்று என்று அந்தப் பக்கம்தான் சொல்லும். கண்ணால் காணாத தேசத்துப் போருக்காக இந்தக் காவிரிக்கரைக்காரர்கள் ஒரு பொருளை வேண்டாம் என்று ஒதுக்கிய கதையை, அந்தப் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு சொல்லத்தான் எனக்குத் தெரியும்.

இங்கே நெல் விளையும், பட்டு விளையாது. பட்டுப்பூச்சி வளர்த்தவர்கள் மைசூர்ச் சீமையிலும் கொள்ளேகாலத்துப் பக்கமும் இருந்தார்கள். அங்கே கையால் சுற்றி வரும் நூலில் கட்டியும் முடிச்சும் அதிகம். ஊடைக்கு ஓடும், பாவுக்கு ஏற்றினால் அறுந்துகொண்டே இருக்கும். சீனாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்தது ஆலையில் சுற்றிய நூல். தலை முதல் வால் வரை ஒரே கனம். விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டி, இரண்டு பக்கமும் ஆள் நின்று இழை பிரிக்கும்போது, அறுந்த இழையைத் தேடி முடிவதற்கே மைசூர் நூலில் பாதிப் பொழுது போய்விடும் என்பார் அப்பா. ஜப்பான் நூலில் அந்த வேலையே கிடையாது. விலையும் குறைவு. அந்த மலிவில் மைசூர்ப் பட்டு விவசாயிகள் நொடித்துப்போய், சர்க்கார் விசாரணை வைத்து, 1934-ல் காப்பு வரி போட வேண்டி வந்தது. வரி போட்ட பிறகும் நூல் வந்துகொண்டுதான் இருந்தது.

அதே ஜப்பானிலிருந்து இன்னொன்றும் வந்தது. செயற்கைப் பட்டு. கடைத்தெருவில் 'ஜப்பான் பட்டு' என்று மலிவாகக் கிடைத்த பளபளப்புத் துணியில் பெரும்பாலும் அதுதான். தாத்தா நூல் வாங்கும்போது இரண்டு இழையைப் பிய்த்து விளக்குச் சுடரில் காட்டுவாராம். அசல் பட்டென்றால் மயிர் கருகும் வாடை வரும், நுனி சுருண்டு உருண்டையாகும், விரலில் தேய்த்தால் பொடிந்து போகும். செயற்கைப் பட்டு காகிதம் போலச் சர்ரென்று எரியும், வாடையும் காகித வாடைதான். எங்கள் வீட்டில் நான் அறிந்த முதல் பரிசோதனை இதுதான். கணக்குப் படிப்பதற்கு முன்பே இது எனக்குத் தெரியும்.

ஆகவே 1938-ன் வேண்டுகோள் நெசவாளி வீட்டில் இரண்டாகப் பிளந்தது. ஜப்பான் செயற்கைப் பட்டுத் துணியை ஊர் ஒதுக்கினால் நமக்குப் பிழைப்பு. ஜப்பான் கச்சாப் பட்டை ஒதுக்கினால் நம் தறி தடுமாறும். தாத்தாவின் தம்பி முன்னதை மட்டும் செய்தால் போதும் என்றார். "லாபம் வர்ற பக்கம் மட்டும் சத்தியம் பண்றதுக்குப் பேரு சத்தியமா?" என்று தாத்தா கேட்டாராம். ஏறின பாவை நெய்து இறக்கிவிட்டு, அடுத்த பாவுக்குச் சீன நூல் வாங்குவதென்று முடிவாயிற்று. அடி வாங்குகிறவன் நூலை வாங்கினால் அவனுக்கு நாலு காசு போகும் என்பது அவர் கணக்கு.

அந்தக் கணக்கில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. 1937 நவம்பரிலேயே ஷாங்காய் ஜப்பான் வசமாகிவிட்டது. சீனப் பட்டின் நெஞ்சுப் பகுதியான கியாங்சு, செகியாங் பக்கங்களும் போயின. அங்கிருந்த பட்டாலைகளை 1938-ல் ஜப்பான் தன் கையிலிருந்த ஒரு கம்பெனியின் கீழ் கொண்டுவந்தது. சீன முத்திரையோடு வந்த நூலுக்குக் கொடுத்த காசு ஜப்பான்காரன் பைக்கே போயிருக்கலாம். திருபுவனத்துத் திண்ணையில் உட்கார்ந்திருந்தவருக்கு இது எப்படித் தெரியும்? தாத்தாவை நான் குறை சொல்லவில்லை. பொருளை மறுக்கிறவனிடமிருந்து எப்போதும் மறைக்கப்படுவது இந்த ஒரு விவரம்தான் என்பதால் சொல்கிறேன்.

அதே குளிர்காலத்தில் அமெரிக்காவில் வாஸர் கல்லூரியில் கூடிய மாணவ மாணவிகள் பட்டுக் காலுறைகளையும் கழுத்துப் பட்டைகளையும் நெருப்பில் போட்டார்கள். ஜப்பான் பட்டுக்கு அந்நாளில் அமெரிக்காதான் பெரிய வாடிக்கை. பெண்கள் பருத்திக் காலுறைக்கு மாறினார்கள். உடனே எதிர்த்தவர்கள் யார்? காலுறை ஆலைத் தொழிலாளர்கள். பட்டு நின்றால் எங்கள் அடுப்பு நிற்கும் என்றார்கள். எங்கள் திண்ணை வழக்கு கடல் தாண்டியும் அதே வழக்காகத்தான் இருந்திருக்கிறது.

இது முதல் தடவை அல்ல. தஞ்சைச் சீமை இதைவிடப் பெரிய அளவில் ஒரு தூரத்துப் போருக்காகக் கொதித்தது 1920-ல்.

நாகூர், நாகப்பட்டினம், கூத்தாநல்லூர் முஸ்லிம்களுக்குப் பினாங்கும் சிங்கப்பூரும் ரங்கூனும் பக்கத்து ஊர் மாதிரி. சிவப்பு நிறத்தில் கறுப்புக் குஞ்சம் வைத்த துருக்கித் தொப்பி அந்த ஊர்களில் மரியாதைக்கு அடையாளம். 1908-ல் ஆஸ்திரியா, பெயரளவில் துருக்கிக்குச் சேர்ந்த போஸ்னியாவைத் தன்னோடு சேர்த்துக்கொண்டபோது, துருக்கியர்கள் ஆஸ்திரியச் சரக்கு முழுவதையும் ஒதுக்கினார்கள். தலையிலிருந்த தொப்பியையே கழற்றி எறிந்தார்கள், ஏனென்றால் அந்தத் துருக்கித் தொப்பிகளில் பெரும்பாலானவை ஆஸ்திரிய ஆலைகளில் செய்தவை. சில மாதத்தில் ஆஸ்திரியா இறங்கி வந்து 25 லட்சம் துருக்கி லிரா ஈடு தர ஒப்புக்கொண்டது. 1911-ல் துருக்கி வசமிருந்த திரிபோலியின் மேல் இத்தாலி பாய்ந்தபோது, இத்தாலியச் சரக்கு வேண்டாம் என்ற குரல் இந்திய முஸ்லிம்களிடையே எழுந்தது. பாதை இப்படி ஏற்கெனவே போடப்பட்டிருந்தது.

முதல் உலகப் போர் முடிந்ததும் வென்றவர்கள் துருக்கியைத் துண்டு போட்டார்கள். துருக்கி சுல்தான் வகித்த கலீபா பதவியைக் காக்க இந்திய முஸ்லிம்களிடையே கிலாபத் இயக்கம் பிறந்தது. 1919 நவம்பர் 24-ஆம் தேதி டெல்லியில் காந்தி தலைமை வகித்த கிலாபத் மாநாட்டில், மௌலானா ஹஸரத் மோகானி எழுந்து பிரிட்டிஷ் சரக்கு முழுவதையும் பகிஷ்கரிக்க வேண்டும் என்றார். காந்தி ஒப்பவில்லை. அது முழுதாக நடக்கிற காரியமல்ல, மேடையில் தீர்மானம் போடுகிறவர்கள் உடம்பிலேயே பிரிட்டிஷ் துணி இருக்கிறது என்பது அவர் கட்சி. எதிரியை உடனே உறைக்க வைக்கும் ஒன்று வேண்டும் என்பது மோகானி கட்சி. அந்த வாதத்துக்குப் பதில் தேடும்போதுதான் ஒத்துழையாமை என்ற யோசனையைக் காந்தி முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னார். இரண்டு பேரும் சொன்னது சரி என்றே எனக்குப் படுகிறது. வெறும் கோபத்தில் செய்கிற மறுப்பு நாலு நாளில் ஓய்ந்துவிடும். ஆனால் கோபமே இல்லாமல் யார் வீட்டுப் பெட்டியைத் திறந்து துணியை வெளியே எடுப்பார்கள்?

1920 ஆகஸ்ட் 10-ஆம் தேதி, துருக்கியைத் துண்டாடிய செவ்ரே உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. ஆறே நாளில், 16-ஆம் தேதி, காந்தியும் கிலாபத் தலைவர் மௌலானா சௌகத் அலியும் கும்பகோணத்தில் பேசினார்கள். அன்றே நாகூரிலும் பேசினார்கள். நாகூர் தர்காவின் மினாராக்களில் உயரமானது தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிம்மர் கட்டிக் கொடுத்தது. இந்துக்களும் முஸ்லிம்களும் சேர்ந்து நேர்ந்துகொள்ளும் ஊர் அது. அங்கே ஒன்றாக நில்லுங்கள் என்று புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. பட்டம் பதவியை விடு, கோர்ட்டை விடு, சட்டசபையை விடு என்பதுதான் அப்போதைய பேச்சு. துணி பின்னால் வந்தது. 1921 ஜூலை இறுதியில் பம்பாயில் கூடிய காங்கிரஸ் கமிட்டி, செப்டம்பர் 30-க்குள் அந்நியத் துணியை முற்றிலும் ஒழிப்பது என்று தீர்மானித்தது.

ஜவுளிக்காரனாக நான் அதிகம் யோசித்தது இந்த இடத்தைப் பற்றித்தான். அப்போது கடைத்தெருவில் இருந்ததெல்லாம் என்ன? மல், லாங்கிளாத், சல்லா, சீட்டி. பெரும்பாலும் மான்செஸ்டர் சரக்கு. ஒவ்வொரு தானின் மேலும் ஒரு வண்ணப்படம் ஒட்டி வரும். லட்சுமி, கிருஷ்ணன், யானை, மயில், சில சமயம் ஒரு மகாராஜா. எழுத்து வாசிக்காதவரும் படத்தைச் சொல்லித் துணி கேட்பார்கள். எங்கள் பாட்டியின் தகரப் பெட்டி மூடிக்கு உள்பக்கம் அப்படியொரு லட்சுமி ஒட்டியிருந்தாள். தாமரை இதழுக்குத் தங்க மசி. ஓரத்தில் பொடி எழுத்தில் இங்கிலீஷ். துணியைக் கொளுத்தக் கொடுத்தபோது பாட்டி படத்தை மட்டும் நனைத்து உரித்து எடுத்துக்கொண்டாளாம். சாமி படத்தை நெருப்பில் போட அவளுக்கு மனம் வரவில்லை. மான்செஸ்டர் வியாபாரி நம் வீட்டுக்குள் எவ்வளவு தூரம் வந்து உட்கார்ந்திருந்தான் என்பதை எந்தப் புள்ளிவிவரத்தையும்விட அந்தப் பெட்டி மூடி எனக்குச் சொன்னது.

புள்ளிவிவரமும் உண்டு. 1920-21-ல் 102 கோடி ரூபாய்க்கு இறங்கிய அந்நியத் துணி, 1921-22-ல் 57 கோடிக்கு விழுந்தது. இது முழுவதும் பகிஷ்காரத்தின் வேலை என்று மேடையில் சொல்லலாம். கணக்கப்பிள்ளை சொல்ல மாட்டான். 1920 தொடக்கத்தில் ஒரு ரூபாய்க்கு இரண்டு ஷில்லிங்குக்கு மேல் கிடைத்தது. அந்த மாற்று விகிதத்தை நம்பி இறக்குமதிக்காரர்கள் ஆர்டர் கொடுத்தார்கள். 1921-ல் ரூபாய் ஒரு ஷில்லிங் நாலு பென்சுக்கும் கீழே போயிற்று. வந்த பேல்களை எடுத்தால் நஷ்டம். பல வியாபாரிகள் சரக்கை எடுக்க மறுத்தார்கள். தேசபக்தியும் நாணய மாற்றும் ஒரே வாசலில் வந்து நின்றன. அதனால் மக்களின் மறுப்பு சிறுத்துப் போகாது. வியாபாரியைத் தள்ளியது ரூபாய் என்றால், நல்ல நாளில்கூட முரட்டுக் கதரைக் கட்டிக்கொண்ட பெண்களைத் தள்ளியது ரூபாய் அல்ல.

ஆனால் மாற்று எங்கே? காவிரிப் பாசனத்தில் அன்று பஞ்சு அதிகம் கிடையாது. கதர் திருப்பூர்ப் பக்கமிருந்து வர வேண்டும். கைத்தறி இருக்கிறதே என்றால், கும்பகோணத்திலும் அய்யம்பேட்டையிலும் மெல்லிய துணி நெய்தவர்கள் பாவுக்குப் போட்டது பெரும்பாலும் இங்கிலாந்து நூல். அந்நியத் துணியை ஒதுக்கியதால் தறிக்கு வேலை வந்தது. அந்த வேலைக்கு வேண்டிய நூலோ அந்நியம். கதர்க்காரர்கள் இராட்டையை அவ்வளவு பிடிவாதமாகப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் இதுதான். கொள்முதல் பக்கத்தைக் கடைசி வரி வரைக்கும் படித்தவர்கள் அவர்கள்.

கொளுத்துவதா, கொடுப்பதா என்ற வழக்கும் நடந்தது. இந்துக்கள் கொளுத்தினார்கள், முஸ்லிம்கள் தங்கள் அந்நியத் துணியைப் போரில் வீடிழந்த ஸ்மிர்னாவின் துருக்கியருக்கு அனுப்பலாம் என்று காந்தி சம்மதித்தார். ஆரிய சமாஜத் தலைவர் சுவாமி சிரத்தானந்தருக்கு இது மனக்குறை. எனக்கு அப்படியில்லை. தூரத்துப் போருக்காக ஒரு துணியை ஒதுக்குகிறவன், அந்தப் போரில் துணியில்லாமல் நிற்கிறவனுக்கே அதைக் கொடுப்பதைவிட நேரான காரியம் வேறென்ன?

1921 செப்டம்பர் 22-ஆம் தேதி மதுரையில் காந்தி அரைத்துணிக்கு மாறினார். அடுத்த பிப்ரவரியில் சௌரி சௌரா வன்முறைக்குப் பின் இயக்கமே நின்றது. 1924 மார்ச்சில் துருக்கியே கலீபா பதவியை ஒழித்தது. 1925-ல் அந்தச் சிவப்புத் தொப்பியையும் சட்டம் போட்டுத் தடுத்தது. யாருக்காக இங்கே பாடுபட்டார்களோ அவர்களே வேண்டாம் என்றுவிட்டார்கள். இதைச் சொல்லிச் சிரிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன், எனக்குக் கோபம்தான் வரும். ஸ்மிர்னாவைப் படத்தில்கூடப் பார்க்காத கும்பகோணத்துக்காரர் நாகூர்க்காரரின் வேதனையைத் தன் வேதனையாக எடுத்துக்கொண்டார். அது துருக்கியின் முடிவைப் பொறுத்த காரியம் அல்ல.

ஜப்பான் சரக்குக்குத் திரும்பி வந்தால், 1941 ஜூலையில் சர்க்காரே ஜப்பானின் சொத்துகளை முடக்கி வியாபாரத்தை நிறுத்திவிட்டது. மூன்றரை வருஷத்துக்கு மேலாக மக்களைக் கெஞ்சியும் பாதி நடந்த காரியம் ஒரே ஆணையில் முடிந்தது. மறு வருஷம் ஜப்பானிடம் பர்மா விழுந்து ரங்கூன் அரிசி நின்றதும், எல்லார் கண்ணும் தஞ்சாவூர் நெல்லின் மேல் விழுந்தது. தூரத்துப் போர் அப்போது களத்துமேட்டுக்கே வந்து நின்றது.

மறுப்பு எதுவரை போகலாம் என்பதற்கு வேதாரண்யத்தில் ஒரு கதை உண்டு. 1930-ல் ராஜாஜியின் உப்பு யாத்திரை வந்தபோது, தொண்டர்களுக்குச் சோறு போட்டால் தண்டனை என்று தஞ்சைக் கலெக்டர் தார்ன் எச்சரித்திருந்தார். வைரப்பன் என்ற நாவிதர் ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். பாதியில் அவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் கத்தியை வைத்துவிட்டார். மீதியைச் செய் அல்லது சிறைக்குப் போ என்றபோது சிறைக்குப் போனார் என்று சொல்வார்கள். அந்த ஊரில் அவருக்கு நினைவுத்தூண் இருக்கிறது. அவர் மறுத்தது ஓர் ஆளைத்தான். ஆனால் அந்த ஆள் சர்க்காரின் உடுப்பைப் போட்டவர், தடியைப் பிடித்தவர். மறுத்ததற்கு விலை கொடுத்தவரும் வைரப்பன்தான். இந்த இரண்டையும் நான் எப்போதும் சேர்த்தே நினைத்துக்கொள்வேன்.

ஏனென்றால் 2012 செப்டம்பரில் எங்கள் ஜில்லாவில் வேறொன்று நடந்தது.

ஈழப் போர் தூரத்துப் போர் அல்ல. கோடிக்கரையில் நின்றால் அடுத்த கரை யாழ்ப்பாணம். அந்தப் போர் முடிந்த 2009 மே மாதம் எங்கள் கடையில் யாரும் யாரோடும் பேசவில்லை. யாழ்ப்பாணத்துக் கல்யாண வீட்டார் எங்கள் வாடிக்கையாளர்கள். பேரேட்டில் அவர்கள் பெயர்கள் இருந்தன. 2011 ஜூன் 8-ஆம் தேதி தமிழகச் சட்டமன்றம் இலங்கை மீது பொருளாதாரத் தடை கோரித் தீர்மானம் போட்டது. லண்டனில் தமிழர்கள் இலங்கை ஆடைகளை விற்கும் கடைகளின் முன் நின்றார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2010 ஆகஸ்டிலேயே இலங்கைக்கான வரிச்சலுகையை நிறுத்தியிருந்தது. இங்கேயும் வாடிக்கையாளர்கள் சட்டைக் காலரைத் திருப்பி எந்த நாட்டுத் தயாரிப்பு என்று பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அந்த ஆடைகளைத் தைத்தவர்கள் ஏழைச் சிங்களப் பெண்கள். போருக்குப் பின் கிளிநொச்சியிலும் ஆடைத் தொழிற்சாலை வந்தது, அங்கே தைத்தவர்கள் தமிழ்ப் பெண்கள். இது தெரிந்த பிறகும் நான் அவற்றை வாங்கவில்லை. கனத்த மனதோடு வாங்கவில்லை.

அந்த 2012 செப்டம்பரில், வேளாங்கண்ணித் திருவிழாச் சமயத்தில் இலங்கையிலிருந்து வந்த யாத்திரிகர்கள் பூண்டி மாதா கோயிலில் தங்கியிருந்தார்கள். பெண்கள், குழந்தைகள். அவர்களை வெளியேறச் சொல்லிக் கூட்டம் கூடியது. அவர்களை ஊருக்கு அனுப்ப விமான நிலையத்துக்குக் கொண்டுபோன பஸ்கள் திருச்சியில் தாக்கப்பட்டன. கண்ணாடி உடைந்தது. மறு வருஷம் ஈழப் போரில் இறந்தவர்களின் நினைவாக விளாரில் முள்ளிவாய்க்கால் முற்றம் எழுந்தபோது போய், கல்லில் செதுக்கிய அந்தச் சாவுகளைப் பார்த்து அழுதவன் நான். அந்த உரிமையில் சொல்கிறேன்: பூண்டியில் நடந்தது பகிஷ்காரம் அல்ல. கும்பிட வந்தவளின் மடியில் இருந்த குழந்தை எந்தச் சரக்கும் விற்க வரவில்லை. அங்கே மறுத்தவர்கள் எதையும் இழக்கவும் இல்லை.

2020 ஜூன் 15-ஆம் தேதி கல்வான் பள்ளத்தாக்கில் இருபது வீரர்கள் இறந்தார்கள். ராமநாதபுரத்து ஹவில்தார் பழனி அவர்களில் ஒருவர். சீனச் சரக்கு வேண்டாம் என்று ஊரெல்லாம் பேச்சு. அந்த மாதக் கடைசியில் 59 சீனச் செயலிகளைச் சர்க்கார் தடை செய்தது. இந்தியாவுக்கு வரும் கச்சாப் பட்டில் பெரும்பங்கு சீனப் பட்டு. தாத்தா 1938-ல் சீனாவுக்காக ஜப்பான் நூலை விட்டார். இப்போது தறிகளை நடத்தும் என் தம்பி மகன், எல்லையில் செத்தவர்களுக்காகச் சீன நூலை விடலாமா என்று கேட்டான்.

"விட்டா சேலைக்கு எவ்வளவு ஏறும்?" என்றேன்.

"அதை நான் பாத்துக்கறேன் பெரியப்பா. வாங்கறவங்க அதைக் கேப்பாங்களா?"

கேட்க மாட்டார்கள், கேட்கவும் வழியில்லை. பட்டுச் சேலையில் தொங்கும் சில்க் மார்க் அட்டை அது அசல் பட்டு என்று சொல்லும். நூல் எந்த நாட்டுப் புழு சுற்றியது என்று சொல்லாது. தர்மபுரிப் பக்கத்து வெண்பட்டும் சீனப் பட்டும் சாயம் ஏறிவிட்டால் நெய்தவனுக்குத்தான் அடையாளம் தெரியும். ஒரு தறிக்கு மட்டும் உள்ளூர் நூல் ஏற்றச் சொன்னேன். பில்லில் சேலை விலைக்குக் கீழே இன்னொரு வரி சேர்க்கச் சொன்னேன்: பாவு எந்த ஊர், ஊடை எந்த ஊர். முதலில் தயங்கினான். "மத்த தறிச் சேலைக்கும் அப்படி எழுதணுமா?" என்று கேட்டான். அதற்கும்தான் என்றேன், சீனா என்றால் சீனா என்றே எழுது, வாங்குவதும் விடுவதும் அவர்கள் பாடு. இன்றைக்கும் அவன் பில்லில் அந்த வரி இருக்கிறது.